மலாக்காவில் பதினெட்டு முதுகுகள்

இந்த இதழின் அட்டையைப் பார்த்துவிட்டு அச்சகத்தின் மீது யாரும் கோபப்பட வேண்டாம். படம் சரியாகத்தான் அச்சாகியிருக்கிறது. பதினெட்டுப் பேர் வரிசையாக நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவ்வளவுதான். "மலேசியாவில் நம்மவர்கள் என்று தலைப்புப் போட்டு, அட்டையில் முகம் முகமாகப் போட வேண்டும், எடுத்து வாருங்கள்" என்று சொல்லித்தான் ஆசிரியர் என்னை அனுப்பினார். நானும் பெரிதாகச் சவால் விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் தான் விரும்பிய மனிதனோடு ஒரே கூரையின் கீழ் வாழ முடியுமா முடியாதா என்பது, நான் போன இடத்தில், ஒரு புகைப்படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் படத்தை எடுத்த புத்திசாலி நான்தான். ஆகவே இதில் வரும் பெயர்கள் எல்லாம் மாற்றியவை. ஊர்களையும் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் பேருந்து. ஓட்டுநருக்கு முன்னால் ஒரு பிள்ளையார், ஒரு சிலுவை, கையாட்டும் சீனப் பூனை பொம்மை ஒன்று. மூன்று பேர் காவல் இருந்தும் வண்டி ஒன்றேகால் மணி நேரம் தாமதம். உள்ளே குளிர்சாதனத்தை மீன் கெட்டுப்போகாமல் இருப்பதற்கு வைக்கும் அளவில் வைத்திருந்தார்கள். பக்கத்து இருக்கைக்காரர் போர்வை கொண்டுவந்திருந்தார். நான் செய்தித்தாளைப் போர்த்திக்கொண்டு, ஈரோட்டு நகரப் பேருந்தின் வெக்கையை முதன்முறையாக மரியாதையோடு நினைத்துக்கொண்டேன்.

நிலையத்தில் என்னை அழைத்துப் போக வந்தவர் மலர். வயது முப்பத்தைந்து இருக்கும், பாச்சாங்கில் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை. நான் பார்க்க வந்த தமிழ் நாத்திகர் குழுவை நடத்துவது, ஆள் சேர்ப்பது, சாப்பாட்டுக்குச் சொல்வது எல்லாம் அவர்தான். நான் பழக்க தோஷத்தில் "வணக்கம் தோழர்!" என்று மேடைக் குரலில் கூப்பிட்டேன். அவர் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, அந்த வார்த்த மட்டும் வேணாம் ஐயா. இங்க வயசானவங்க காதுல விழுந்தா, அந்தக் காலத்துல காட்டுக்குள்ள துப்பாக்கியோட இருந்தாங்களே, அந்தக் கம்யூனிஸ்ட் ஆளுங்க ஞாபகம்தான் வரும். நான் உங்கள அண்ணேன்னு கூப்புடறேன். நீங்க மலர்னு கூப்புடுங்க. முடிஞ்சிச்சிலா."

நாற்பது வருடமாக நான் பெருமையோடு சொல்லிவரும் ஒரு சொல், பெட்டியை இறக்கிய ஐந்தாவது நிமிடத்தில் செல்லாமல் போயிற்று. பயந்தாங்கொள்ளிகள் என்று மனதுக்குள் முதல் புள்ளியை வைத்தேன்.

இரண்டாவது புள்ளி ரொட்டிக் கடையில். ரொட்டி சானாய் என்பது நம் பரோட்டாவின் நகரத்துத் தம்பி. தொட்டுக்கொள்ள மீன் குழம்பு. நன்றாகவே இருந்தது. சாப்பிட்டபடி, குழுவுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். பகுத்தறிவு என்றோ சிந்தனை என்றோ ஏதாவது வரும் என்று பார்த்தால், மலர் கைப்பேசியை நீட்டினார். "சனிக்கிழமை ரொட்டி" என்று இருந்தது. மாமியார் பார்த்தாலும் மேலதிகாரி பார்த்தாலும் சாப்பாட்டுக் கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்களாம். ஆறு வருடமாக நடக்கும் நாத்திகர் குழுவுக்கு ரொட்டியின் பெயர். எங்கள் ஊரில் கடவுள் இல்லை என்று சுவரில் எழுதுகிறோம், மாநாடு போடுகிறோம், ஊர்வலம் போனால் போலீஸ் பாதுகாப்புக்கு வருகிறது. நான் இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். மலர் கவனமாகக் கேட்டுவிட்டு, "இன்னொரு ரொட்டி சொல்லட்டாண்ணே?" என்றார்.

தங்கியது பாச்சாங்கில், தம்பிராஜா வீட்டில். எழுபது வயது, ஓய்வு பெற்ற நில அளவையாளர். இவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். குழு கூடுவது இவர் வீட்டு முன்னறையில்தான். நாங்கள் காரிலிருந்து இறங்கும்போதே அடுத்த வீட்டு லூர்து ஆன்டி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, முழங்காலைக் காட்டி, "மாஸ்டர், இந்த வலிக்கு ஏதாச்சும் ஆசனம் இருக்கா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளே போனதும் தம்பிராஜா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாரி. இந்தியாலருந்து ஒரு யோகா மாஸ்டர் வாறார் எண்டு சொல்லி வச்சிட்டன். ஆக்கள் வந்து போறதுக்கு ஒரு ரீசன் வேணுமே."

அறுபத்து மூன்று வயதில், குனிந்து செருப்பு மாட்டவே சுவரைப் பிடிக்கும் நான் யோகா மாஸ்டர். கோபம் தலைக்கேறியது. ஆனாலும் ஆன்டியிடம் போய், "காலையில் அரை மணி நேரம் நடங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் காலை அவர் வேலியோரம் வந்து, "மாஸ்டர், நீங்க சொன்னதுமே வலி பாதி கொறஞ்சிருச்சி" என்றார். இன்னும் நடக்கவே ஆரம்பிக்கவில்லையாம். மூடநம்பிக்கை எப்படிப் பிறக்கிறது என்று நாற்பது வருடமாக மேடையில் விளக்கிவந்த எனக்கு, அதன் பிரசவத்தை அருகிலிருந்து பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

வந்து இறங்கிய வெள்ளிக்கிழமை மாலையே தம்பிராஜா ஆல்பத்தைக் காட்டினார். ஆறு வருடக் கூட்டங்கள், கடற்கரைப் பயணங்கள், ஒரு ரத்த தான முகாம். எல்லாப் படத்திலும் முதுகுகள். சட்டைக் காலர்கள், பின்னல்கள், வழுக்கைகள். ஒரு முகம் கிடையாது. "ஏன் இப்படி?" என்றேன். "பழகிட்டுது" என்றார். நான் சிரித்தேன், நல்ல சிரிப்பு இல்லை. புறமுதுகுச் சங்கம் என்று பெயர் வைத்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் ஆல்பத்தை மூடி அலமாரியில் வைத்தார். நான் கட்டுரைக்கு முதல் வரி கிடைத்த சந்தோஷத்தில் படுத்தேன்.

சனிக்கிழமை மலர் பிறந்து வளர்ந்த தோட்டத்தைப் பார்க்கப் போனோம். தம்பிராஜா ஓட்ட, நான் முன்னால், மலரும் செல்வமும் பின்னால். செல்வம் பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். மலரும் அவரும் எட்டு வருடமாக ஒன்றாக இருக்கிறார்கள் என்பது வழியில் தெரிந்தது. கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டேன். "அது சுசா அண்ணே" என்றார் செல்வம். சுசா என்றால் சிரமம். உடனே சுங்கை ஊடாங் எண்ணெய் ஆலையின் புகைபோக்கிகளைக் காட்டி, அங்கே வேலை செய்யும் நண்பர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஜாதி வித்தியாசமாக இருக்கும் என்று நானே முடிவு கட்டினேன். எங்கள் ஊரில் எல்லாச் சிரமத்துக்கும் அதுதான் காரணம், இங்கேயும் அதுவாகத்தானே இருக்க வேண்டும்?

அலோர் காஜா தாண்டி, இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை, நிற்கும் ஒரு சாலையில் உடும்பு ஒன்று குறுக்கே போனது. தம்பிராஜா அதைக் காப்பாற்றிவிட்டு எங்களைக் கால்வாயில் இறக்கினார். யாருக்கும் அடியில்லை. கார் மட்டும் மூக்கைச் சேற்றில் குத்திக்கொண்டு நின்றது. சற்று நேரத்தில் மோட்டார் சைக்கிளில் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள், எல்லோரும் நம்மவர்கள். இறங்கியவர்கள் எங்களைப் பார்க்கவில்லை. நேராகக் காரின் பின்பக்கம் போய்க் குனிந்தார்கள்.

"நம்பர் என்னாலா? சேறு மறைக்கிது, தொடைச்சி வுடு."

ஒருவர் கையால் துடைத்தார். இன்னொருவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். விபத்தான வண்டியின் எண்ணுக்கு லாட்டரியில் பரிசு விழும் என்பது இங்கே பெரிய நம்பிக்கையாம். அந்த எண்ணை எல்லோரும் பத்திரப்படுத்திய பிறகுதான் ஒருவருக்கு எங்கள் ஞாபகம் வந்தது. "அங்கிள், ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டுவிட்டு, நல்ல மனதோடு தோள் கொடுத்துக் காரைத் தூக்கிவிட்டார்கள். உதவியில் குறை சொல்ல முடியாது. வரிசைதான் கொஞ்சம் மாறியிருந்தது.

நான் பகுத்தறிவைப் பற்றி அந்தச் சாலையிலேயே ஒரு சின்ன உரை ஆற்றத் தொடங்கியபோது, செல்வம் நைசாகப் பின்னால் போய் நம்பர் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன்லா, நீயுமா?" என்றார் மலர்.

"நான் சாமியா கும்புட்டேன்? நம்பர்தானே எடுத்தேன். இது கணக்கு."

"இவன சங்கத்துல சேத்ததே தப்புண்ணே."

தோட்டத்தில் லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தன. மீதியில் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள். தமிழர்கள் பட்டணத்துப் பக்கம் போய்விட்டார்கள். கோயில் மட்டும் போகவில்லை. அதற்குப் புதுக் கோபுரம், புதுப் பெயிண்ட், நாலு திசைக்கும் ஒலிபெருக்கி. பள்ளிக்கூடத்துக்குக் கூரை ஒழுகுகிறது என்று மலர் சொன்னார். திருவிழாவுக்கு இரண்டு வாரம் இருந்ததால் பத்துப் பதினைந்து பேர் பந்தல் வேலையில் இருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மலர் ஒரு மனிதரைப் பார்த்துவிட்டார். கோயில் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அவருடைய வலது கால் வீங்கி, கட்டைவிரலுக்கு மேல் பெரிய புண். அதன்மேல் அப்பி வைத்த திருநீறு.

"மாமா, சுகர் இருக்குதானே ஒங்களுக்கு? இது திருநீறு போடற புண்ணு இல்ல மாமா. திங்கக்கெழம காலையில கிளினிக் வரணும். வரலன்னா நானே காடி எடுத்துட்டு வந்து தூக்கிட்டுப் போவேன்."

கோயில் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி, தங்கக் கடிகாரம். "அம்மா பாத்துக்குவா, பாப்பா. நீ பயப்படாத."

"அம்மா பாத்துக்கிட்டு இருந்தா புண்ணு ஏன் தலைவரே இவ்ளோ பெருசாச்சி?"

பந்தல் வேலை நின்றுவிட்டது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தலைவர் முகம் கறுத்தது. "ரொம்பப் பேசாத. நீ பொறந்தப்போ ஒனக்கு இந்தக் கோயில்லதான் பேரு வச்சோம். மறந்துறாத" என்றார்.

"எந்தப் பேரச் சொல்றீங்க தலைவரே?" என்று மலர் கேட்டார்.

தலைவர் வாயை மூடிக்கொண்டு பந்தலைப் பார்க்கப் போய்விட்டார். அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஊரே பார்க்க நின்று பேசும் இந்தப் பெண்ணா கேமராவுக்கு முதுகைக் காட்டுகிறாள் என்பதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஆசிரியர் கேட்ட முகம் இதுதான், இதைவிட நல்ல முகம் கிடைக்காது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

திரும்பும் வழியில் செண்டோல் கடை. துருவிய பனிக்கட்டியின் மேல் தேங்காய்ப்பாலும் மலாக்காவின் பனைவெல்லப் பாகும் பச்சை நிறத்து இழைகளும் போட்டுத் தருகிறார்கள். இந்த மாநிலத்தைப் பற்றி நான் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் அந்தப் பாகைப் பற்றித்தான் சொல்வேன். தம்பிராஜா கார் கழுவப் போயிருந்தார். செல்வம் மலரின் தோளில் கை போட்டு, பரிசு விழுந்தால் முதலில் என்ன வாங்குவது என்று சொல்லிக்கொண்டிருக்க, மலர் கரண்டியை ஆட்டிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார். நான் மணி பார்ப்பதுபோல் கைப்பேசியைத் தூக்கினேன். என் முகம், பக்கத்தில் அவர்கள் இரண்டு பேர். ஒரே சொடுக்கு. அவர்களுக்குத் தெரியாது. அங்கேயே ஆசிரியருக்கு அனுப்பினேன். "அருமை! நாளைக் காலை முகநூலில் போடுகிறேன், அட்டைக்கும் இதுதான்" என்று உடனே பதில் வந்தது. மிச்சமிருந்த பாகையும் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கூட்டம். வந்தவர்கள் வீட்டுக்காரர் உட்படப் பதினேழு பேர். ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, சமையலறைப் பக்கம் வரிசையாக வைத்தார்கள். வாசலில் பதினேழு ஜோடி கிடந்தால் தெருவில் போகிறவர்கள் என்ன விசேஷம் என்று கேட்பார்களாம். யோகா வகுப்புக்குச் செருப்பு கிடக்கக் கூடாதா என்று நான் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. திரைச்சீலைகளை இழுத்துவிட்டார்கள். மேசையில் நாசி லெமாக் பொட்டலங்கள், தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும். கூட்டம் என்றால் முதலில் சாப்பாடு என்ற ஒரு விஷயத்தில் மட்டும் இவர்களும் நம்மவர்கள்தான்.

நான் முக்கால் மணி நேரம் பேசினேன். முதலில் கடவுளை, பிறகு கோயில்களை, கடைசியில் கேட்டுக்கொண்டிருந்தவர்களையே. "உங்களுக்கு முதுகெலும்பு இருக்கிறது என்று நிரூபிக்கத்தான் எல்லாப் படத்திலும் முதுகைக் காட்டுகிறீர்களா?" என்றேன். ஈரோட்டில் இதற்குக் கைதட்டல் கூரையைப் பிய்த்திருக்கும். இங்கே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஒளிந்திருப்பவனை யாரும் மதிக்க மாட்டார்கள், நாலு பேர் முன்னால் வந்து நின்றால்தான் நாற்பது பேருக்குத் துணிவு வரும் என்றெல்லாம் முழங்கிவிட்டு, நாற்காலிக்குக் கீழே ஒளித்து வைத்திருந்த பையைத் திறந்தேன். காலையில் லூர்து ஆன்டியைத் துணைக்கு அழைத்துப் போய் வாங்கிய இரண்டு ரோஜா மாலைகள்.

"எட்டு வருடமாகச் சேர்ந்து வாழும் இரண்டு பேர் இந்த அறையில் இருக்கிறார்கள். ஐயர் வேண்டாம், தாலி வேண்டாம். மாலையை மாற்றிக்கொள்ளட்டும். இங்கே, இப்போதே, என் தலைமையில். படத்தோடு எங்கள் இதழில் வரும். மலர், செல்வம், எழுந்து வாருங்கள்!"

செல்வம் தரையைப் பார்த்தார். தம்பிராஜா எழுந்து மின்விசிறியை ஏனோ குறைத்து வைத்துவிட்டு, பிறகு திரும்பவும் கூட்டினார். கடைசியில் மலர் எழுந்து வந்து என் கையிலிருந்த மாலைகளை வாங்கி மேசையில் வைத்தார்.

"அண்ணே, ஒக்காருங்க. ஒங்ககிட்ட மொதல்லயே சொல்லிருக்கணும். ஒருத்தங்கள நல்லாத் தெரியாம சொல்றதில்லன்னு ஒரு பழக்கம், அதான்."

அவர் சொன்னது இது. மலருக்கு ஒரு வயதாக இருந்தபோது, லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா இன்னொரு பெண்ணைக் கட்டுவதற்காக மதம் மாறினார். மாறும்போது குழந்தையின் பெயரையும் சேர்த்துப் பதிந்துவிட்டுப் போய்விட்டார். பிறகு வரவே இல்லை. அம்மா மகளைத் தோட்டத்துக் கோயில் தீர்த்தம் கொடுத்து மலர் என்றே வளர்த்தார். பன்னிரண்டு வயதில் ஐசி என்கிற அடையாள அட்டையை எடுக்கப் போனபோதுதான், கவுன்டரில் இருந்தவர் இன்னொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"அம்மா என்னையப் பாத்தாங்க, நான் அம்மாவப் பாத்தேன். அந்தப் பேரு என்னோடதுன்னு அன்னைக்குத்தான் தெரியும். அந்த ஐசியில இருக்கற மதத்துக்கு, இந்த நாட்டுச் சட்டப்படி, மதம் மாறாத செல்வத்தக் கட்டிக்க முடியாது, பதிய முடியாது. ஒரே வீட்டுல இருக்கறதே குத்தம். யாராச்சும் ஒரு கம்ப்ளேன் குடுத்தா கதவத் தட்ட மத இலாகா ஆளு வரும். மாத்தவும் ட்ரை பண்ணிப் பாத்துட்டேன், அது லேசுல நடக்காது. எனக்கு எந்தச் சாமி மேலயும் கோவம் இல்லண்ணே. இந்தப் பக்கம் ஒரு சாமி என்னோடதுன்னுது, அந்தப் பக்கம் ஒரு சாமி என்னோடதுன்னுது. என்னைய யாருமே கேக்கல."

கோயில் தலைவருக்கு இது தெரியும். ஊருக்கு முன்னால் அதைச் சொன்னால் தன் கோயில் பெயர் வைத்தது கேலிக்கூத்தாகிவிடும் என்று வாயை மூடிக்கொள்கிறார். எவ்வளவு நாளைக்கு மூடிக்கொண்டிருப்பார் என்று யாருக்கும் தெரியாது.

"அப்பறம் இந்த முதுகு," என்றார் மலர். "மொத மொத எடுத்த படத்துல நான் மட்டுந்தான் திரும்பி நின்னேன். தம்பிராஜா அங்கிள் அதப் பாத்தாரு. ஒருத்தி மட்டும் திரும்பி நின்னா பாக்கறவன் அவ யாருன்னுதானே கேப்பான்னு சொல்லிட்டு அவரும் திரும்பிட்டாரு. அடுத்த படத்துல எல்லாருமே திரும்பிட்டாங்க. அந்த மொதப் படத்த ஆல்பத்துல வைக்கல. யாரும் பேசி முடிவெடுக்கல."

தம்பிராஜா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். புறமுதுகுச் சங்கம் என்று நான் சொன்னபோது ஆல்பத்தை மூடி வைத்த அந்தக் கையை இப்போது பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே பயம் வந்தது. அன்று வரை என் வாழ்க்கையில் நான் எழுதிய எதற்கும் யாரும் என் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. என் வீட்டுப் பூஜையறையையே பார்க்காததுபோல் நடந்து போகிற வீரன் நான்.

படத்தைப் பற்றிச் சொன்னேன்.

செல்வம் என் கையிலிருந்து கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தார். தோளில் அவர் கை, சிரிக்கும் மலர், கீழே ஆசிரியரின் "அருமை". எங்கள் இதழின் பக்கத்தைத் திறந்தார்கள், இன்னும் போடவில்லை. ஆசிரியரைக் கூப்பிட்டேன். அவர் கைப்பேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடியும், மறுபடியும். வேறு வழியில்லாமல் என் மனைவியைக் கூப்பிட்டு, அவர் வீட்டுக்கு யாரையாவது அனுப்பச் சொன்னேன்.

"அவங்க வீட்ல யாரு இருக்காங்க? பேத்திக்குக் காதுகுத்து. குடும்பமே குலதெய்வம் கோயிலுக்குப் போயிருக்கு. உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை. இருபது வருடமாக மூடநம்பிக்கைக்கு எதிராகத் தலையங்கம் எழுதுகிறவர், கைப்பேசியை அணைத்துவிட்டுக் கிடா வெட்டில் உட்கார்ந்திருக்கிறார். யோகா மாஸ்டரான நான் அவரை என்ன சொல்வது?

காத்திருந்தோம். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. பதினேழு பேரும் தங்கள் கைப்பேசியில் எங்கள் இதழின் பக்கத்தைத் திறந்து வைத்து, நிமிடத்துக்கு ஒரு முறை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துக்கு ஒரே சமயத்தில் இத்தனை வாசகர்கள் இருந்ததே இல்லை. மலர் உள்ளே போய்க் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தார். நான் மன்னிப்பு மாதிரி ஏதோ உளறினேன்.

"வுடுங்கண்ணே. வீட்டுல ஒரு பேக் எப்பவும் ரெடியாத்தான் இருக்கு. செருப்பு ஸ்டேண்டுக்குப் பக்கத்துல" என்றார். அதைக் கேட்டுவிட்டு அந்தக் கோப்பியை என்னால் குடிக்க முடியவில்லை.

பன்னிரண்டே முக்காலுக்குச் செல்வம், "வந்திருச்சி" என்றார்.

"மலேசிய மண்ணில் நமது முழக்கம்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குக் கீழே என் முகம். என் முகம் மட்டும். பல்லைக் காட்டிக்கொண்டு, மூக்கில் பனைவெல்லப் பாகோடு. பக்கத்தில் இருந்த இரண்டு பேரையும் கத்தரித்து எறிந்திருந்தார்கள். ஓரத்தில் கரண்டி பிடித்த ஒரு கை மட்டும் மணிக்கட்டு வரை மிச்சம் இருந்தது.

சற்று நேரத்தில் ஆசிரியரே கூப்பிட்டார். பின்னால் உறுமியும் பம்பையும் கேட்டன. "பார்த்தீர்களா? பிரமாதமாக வந்திருக்கிறது. பக்கத்தில் இருந்தவர்கள் யாரென்று நம் வாசகர்களுக்குத் தெரியாதே, அதனால் எடுத்துவிட்டேன். அட்டைக்கும் உங்கள் முகம் போதும்."

மலேசியத் தமிழர்களை உலகுக்குக் காட்டுவதற்காக என்னை அனுப்பியவர் சொன்னது இது. எங்கள் அகங்காரம்தான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது. அறிவு அல்ல, துணிவு அல்ல. படத்தை அவர் கைப்பேசியிலிருந்து அழிக்க வைத்து, அழித்ததற்குச் சாட்சியாக இரண்டு முறை சொல்ல வைத்துவிட்டுத்தான் பேச்சை முடித்தேன்.

செல்வம் இன்னும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கை தெரியிதே. யாராச்சும் கண்டுபுடிச்சா?"

மலர் எட்டிப் பார்த்தார். "கைக்கு ஐசி இல்லலா" என்றார்.

அதற்குத்தான் அன்றைக்கு முதன்முதலாக எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பொட்டலங்களைப் பிரித்தோம். சோறு ஆறிப்போயிருந்தது, எனக்கு அதைவிட ருசியான சோறு ஞாபகத்தில் இல்லை.

கலைவதற்கு முன் வழக்கம்போல் குழுப் படம். பின்கட்டில் சுவரைப் பார்த்து வரிசையாக நின்றார்கள். எப்போதும் தம்பிராஜா ஸ்டாண்டில் வைத்து எடுப்பாராம், அன்று அதன் கால் உடைந்திருந்தது. வேலியோரம் நின்ற லூர்து ஆன்டியைக் கூப்பிட்டோம். அவருக்கு ஒரே சந்தோஷம். மாலைகள் இரண்டையும் முன்பே அவரிடம் கொடுத்துவிட்டிருந்தோம், ஒன்று வேளாங்கண்ணி மாதாவுக்கு, இன்னொன்று சொர்க்கத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்கு.

"ஏன் எல்லாரும் அந்தப் பக்கம் பாக்கறீங்க?"

"ஆசனம் ஆன்டி" என்றார் மலர். "மாஸ்டர் சொல்லிக் குடுத்தாரு."

நான் இன்னும் வரிசைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். நான் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. மறுநாள் விமானம் ஏறினால் எனக்கு மாலை போடவும் ஆள் இருக்கிறது. மலருக்குப் பக்கத்தில் ஓரிடம் விட்டிருந்தார்கள். போய் நின்று திரும்பிக்கொண்டேன். சுவரில் ஒரு பல்லியும் மழைக் கறையும் இருந்தன. பின்னால் ஆன்டி, "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று எனக்கே யோகா சொல்லிக்கொடுத்தார்.

திங்கட்கிழமை என்னைப் பேருந்து ஏற்றிவிட்டு மலர் கிளினிக்குக்குப் போனார். கால் புண்காரர் காலையிலேயே வந்து காத்திருப்பதாக நான் சிரம்பான் தாண்டும்போது செய்தி அனுப்பினார்.

அந்தப் படத்தைத்தான் அட்டைக்குக் கொடுத்தேன். இதுதான் வர வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரையே இல்லை என்றும், காதுகுத்துக்குத் தலைப்பு வைத்து வேறொரு கட்டுரை எழுத வேண்டிவரும் என்றும் சொன்னேன். ஆசிரியர் வெகுநேரம் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார்.

"இதில் நீங்கள் யார்?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை.